டொராண்டோ வீட்டுக்கு அடியில் அறை உண்டு, டாலஸ் வீட்டுக்கு ஏன் இல்லை?

கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் நிறையப் பேருக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் கிடைத்த முதல் வீடு யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்தான். டொராண்டோ பக்கம் தனி வீடு என்றால் அடியில் ஒரு நிலவறை இருப்பது சாதாரணம். அதே வட அமெரிக்காவில் டாலஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போனால் தேடிப் பார்த்தாலும் அபூர்வம். வசதி, பழக்கம் எல்லாம் பிறகு வருபவை; முதல் காரணம், குளிர்காலத்தில் மண் எவ்வளவு ஆழத்துக்கு உறைகிறது என்பதுதான்.

டொராண்டோவில் இந்த ஆழத்தை 4 அடி என்று வைத்துக் கட்டுகிறார்கள், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில் விதியே 5 அடி கேட்கிறது. அஸ்திவாரத்தின் அடி அதற்கும் கீழே போய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உறையும் மண் வீட்டைத் தூக்கிவிடும்.

எப்படித் தூக்குகிறது என்பது அருமையான விஷயம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, அதுதான் காரணம் என்று தோன்றும், ஆனால் அதன் பங்கு சின்னது. 1930 வாக்கில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் தண்ணீருக்குப் பதிலாக பென்சீனில் ஊறிய மண்ணை உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். அப்படியும் மண் மேலே எழும்பியது! அதாவது பெருப்பதால் மட்டும் மண் எழும்புவதில்லை. உறையும் இடம் கீழேயுள்ள ஈரத்தைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது, வந்த ஈரம் அங்கே அடுக்கடுக்காகப் பனித்தகடாகச் சேர்கிறது, அந்தத் தகடு தடிக்கத் தடிக்க மேலே இருப்பதெல்லாம் உயர்கிறது. வண்டல் மண்ணில்தான் இது மோசம். மணலுக்கு ஈரத்தை இழுக்கும் சக்தி போதாது, களிமண்ணில் தண்ணீர் வேகமாக நகராது, வண்டலில் இரண்டுமே தாராளம்.

சரி, அஸ்திவாரத்துக்காக எப்படியும் 4, 5 அடி தோண்டியாகிவிட்டது. இன்னும் மூன்று நான்கு அடி இறங்கினால் ஆள் நிமிர்ந்து நடக்க ஒரு முழுத் தளமே கிடைக்கும், சுவரில் பாதி ஏற்கெனவே செலவில் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயும் உறையாமல் இருக்க ஆழத்தில்தான் வர வேண்டும், ஆகவே அதுவும் நேராக நிலவறைக்குள் நுழைகிறது. அந்தக் காலத்துக் கரி அடுப்புகளும் இதற்கு ஒத்துப்போயின, அடியில் எரித்தால் சூடான காற்று தானாகவே மேல்தளங்களுக்கு ஏறும்.

டாலஸில் மண் ஓரடிகூட உறைவதில்லை. தோண்டக் காரணமே இல்லை, தோண்டினாலோ தொந்தரவு. அங்கே இருப்பது நம் கோவில்பட்டிக் கரிசலின் இனத்தைச் சேர்ந்த கறுப்புக் களிமண். மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். வீங்கும்போது நிலவறைச் சுவரைப் பக்கவாட்டில் நெருக்கும். அதனால் தரைமட்டத்திலேயே உள்ளே இழுத்து இறுக்கிய இரும்புக் கம்பிகள் வைத்த ஒரே கான்கிரீட் பலகையைப் போட்டு வீட்டை அதன்மேல் கட்டிவிடுகிறார்கள். வறட்சி வந்தால் மண் சுருங்காமலிருக்க வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுபவர்களும் உண்டு.

ஃபுளோரிடாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பிரச்சினை நிலத்தடி நீர். பல இடங்களில் சில அடி தோண்டினாலே ஊறிவிடும். காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினால் எப்படி முட்டிக்கொண்டு வருமோ, அப்படித்தான் ஈர மண்ணில் இறக்கிய வெற்று அறையும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தரை இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய ஒரு டன் விசை மேலே தள்ளும். 100 சதுர மீட்டர் தரைக்கு 100 டன்.

அப்படியானால் குளிர் கூடக் கூட நிலவறையும் கூடுமா? இல்லை. சைபீரியாவின் யாகுட்ஸ்கில் நிலம் கோடையிலும் கீழே உறைந்தே கிடக்கிறது. வீட்டின் சூடு அதை உருக்கினால் கட்டடம் புதையும், எனவே தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் குளிர்காற்று ஓட விட்டுக் கட்டுகிறார்கள்.

இதில் என் மனதை உறுத்துவது ஓக்லஹோமா. டொர்னேடோ என்கிற சுழல் சூறாவளி அடிக்கடி அடிக்கும் அமெரிக்க மாநிலம், அடியில் ஓர் அறை இருந்தால் உயிர் தப்பலாம், ஆனால் அங்கே நிலவறை குறைவு. 2013 மே 20 அன்று மூர் நகரை அடித்த சூறாவளியில் 24 பேர் இறந்தார்கள், அவர்களில் 7 பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளியில் இருந்த குழந்தைகள். செம்மண் களி, ஈரம் என்று சொல்லப்படும் காரணங்களில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. நீர்க்காப்பு பூசி, சுற்றிலும் வடிகால் குழாய் போட்டு, பம்ப் வைத்தால் அந்த மண்ணிலும் கட்டலாம். அங்கே மண் ஒன்றரை அடி அளவுக்கே உறைவதால், டொராண்டோக்காரருக்குக் கிட்டத்தட்ட இலவசமாக வரும் குழிக்கு ஓக்லஹோமாக்காரர் முழுப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2014இல் மூர் நகரம் புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதி போட்டது நல்ல காரியம். என்னைக் கேட்டால் அதோடு நிற்கக் கூடாது. கார் கொட்டகைத் தரையில் புதைக்கும் இரும்புப் பெட்டி இருக்கிறது, தரைக்கு மேலேயே கட்டும் தடித்த கான்கிரீட் அறை இருக்கிறது, இரண்டுக்கும் வீடளவு குழி வேண்டாம். முதலில் பள்ளிக்கூடங்களில் கட்டட்டும்.