சர்வதேசம் என்பது யார்?

"சர்வதேசம், சர்வதேசம் எண்டு சொல்லுறாங்கள், அது ஆர் மோனை?" 2009இல் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா இப்படிக் கேட்டா. ஐ.நா., அமெரிக்கா, இந்தியா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் ஒரு ஆளைப் போல நடமாடுகிறது. சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது, சர்வதேசம் தலையிட வேண்டும், சர்வதேசம் எங்களைக் கைவிட்டுவிட்டது. 'சர்வதேச' என்று அடைமொழியாக எழுதுவது தமிழ்நாட்டிலும் உண்டு. பலாலியில் 2019இல் திறந்ததும் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்'தான். ஆனால் எங்கள் பேச்சில் அது எழுவாயாகி, ஒருமை வினைமுற்றும் எடுத்துக்கொள்கிறது. ஒருமையில் நிற்கும் ஒன்றுக்கு ஒரு மனம் இருக்கும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

சொல்லைப் பிரித்தால் சர்வ + தேசம். இரண்டும் வடசொற்கள். சர்வ என்றால் எல்லா. சர்வாதிகாரியில் இருப்பதும் அதுவே. தேசம் தமிழுக்கு மிகப் பழைய விருந்தாளி, சங்கப் பாடல்களிலேயே 'தேஎம்' என்று வடிவம் மாறி வந்துவிட்டது. ஆக, சர்வதேசம் என்றால் எல்லா நாடும். 'இன்டர்நேஷனல்' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளோ வேறு. அதை ஆக்கியவர் ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர். 1789இல் வெளியான அவருடைய நூலில் அது வருகிறது. 'இடையே' என்று பொருள்படும் இலத்தீன் முன்னொட்டை நாடு என்ற சொல்லோடு சேர்த்தார். நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைக் குறிக்கவே அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. இந்தியின் 'அந்தர்ராஷ்ட்ரீய'விலும் சிங்களத்தின் 'ஜாத்யந்தர'விலும் அந்த 'இடை' அப்படியே இருக்கிறது. எங்கள் சொல்லில் அது விழுந்துபோய், 'எல்லாம்' வந்து உட்கார்ந்துவிட்டது.

சின்ன வேறுபாடுதானே என்று தோன்றலாம். தேர்தலில் தோற்றவர் கதிரையை விட மறுத்து, தெருவில் சனம் சாகிற நேரத்தில் 'சர்வதேசம் கண்டனம்' என்று தலைப்புப் போடுகிறோமே, அப்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். 2010 நவம்பர் 28 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் அலசான் வட்டாராவுக்கு 54.1 வீதம் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. அரசியலமைப்புச் சபை வடக்கில் சில பகுதிகளின் வாக்குகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, பதவியில் இருந்த லோரன் பாக்போவுக்கு 51.45 வீதம் என்றது. இருவரும் பதவிப் பிரமாணம் செய்தார்கள். ஒரு நாடு, இரண்டு சனாதிபதிகள்.

வென்றவர் வட்டாரா என்று ஐ.நா. பிரதிநிதி சான்றளித்தார். எக்கோவாஸ் என்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளின் அமைப்பு, படை அனுப்பவும் தயங்கமாட்டோம் என்று எச்சரித்தது. ஆனால் அதே அமைப்பில் உள்ள கானா, எல்லையை ஒட்டிய அயல்நாடு, நாங்கள் படை தரமாட்டோம் என்றது. அங்கோலா நெடுநாள் பாக்போவின் பக்கம் சாய்ந்து நின்றது. வட்டாராவின் தூதரை ஐ.நா. பொதுச்சபை டிசம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. பாக்போவை உண்மையில் நெருக்கிய அடிகளில் ஒன்றைக் கொடுத்தது ஒரு வங்கி. அந்தப் பிராந்தியத்தில் சில நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கி, அரசுக் கணக்கில் கையொப்பமிடும் உரிமையை வட்டாரா தரப்புக்கு மாற்றியது. பிறகும் மாதங்கள் இழுபட்டன. 2011 ஏப்ரல் 11 அன்று பாக்போ பிடிபடுவதற்குள் சுமார் 3000 பேர் செத்துவிட்டார்கள். இதில் 'சர்வதேசம்' எது? சான்றளித்தவரா, படை தர மறுத்தவரா, கணக்கை மாற்றிய வங்கியா? ஒவ்வொருவரும் தங்கள் கணக்கைப் பார்த்துத் தனித்தனியே நகர்ந்தார்கள். அந்த நகர்வுகள் ஒன்றுசேரப் பிடித்த நாட்களில்தான் அத்தனை உயிரும் போனது.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2018 ஒக்டோபர் 26இல் கொழும்பில் திடீரென்று பிரதமர் மாறினார், ரணில் விக்கிரமசிங்கவின் இடத்துக்கு மகிந்த ராஜபக்ச வந்தார். பழையவர் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையை விட்டு வெளிக்கிடவில்லை. சீனத் தூதுவர் புதியவரைச் சந்தித்து வாழ்த்தினார். மேற்கு நாடுகள் வாழ்த்தாமல், அரசியலமைப்பின்படி நடவுங்கள் என்றன. ஜெனீவாவும் அப்படித்தான். அங்குள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2014இல் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 23 நாடுகள் ஆதரவு, 12 எதிர்ப்பு, 12 நடுநிலை. 2012இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா 2014இல் நடுநிலைக்குப் போய்விட்டது. அந்த வாக்கெடுப்புகளைக் கண்விழித்துப் பார்த்த சனம் நாங்கள், எங்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்றாலும் அடுத்த நாள் காலை 'சர்வதேசம் எங்கள் பக்கம்' என்றுதான் பேசினோம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'அனைத்துலக' என்பது நல்ல தமிழ்தான், ஆனால் சர்வதேசத்தின் அதே 'எல்லாம்' அதற்குள்ளும் இருக்கிறது. 'நாடுகளிடை' பொருளுக்கு மிக நெருக்கம். ஒப்பந்தம், எல்லைத் தகராறு பற்றி எழுதும்போது பொருந்தும், பேச்சில் வராது. என் தெரிவு 'பன்னாட்டு'. பல் + நாடு, பன்னாடு. பல என்ற சொல் எல்லாரும் ஒன்று என்று சொல்வதில்லை. பன்னாட்டுச் சட்டம், பன்னாட்டுக் கண்காணிப்பாளர், பன்னாட்டு அழுத்தம், எல்லாம் நாக்கில் இலகுவாகப் புரளும்.

பெயர்ச்சொல்லாக வரும் 'சர்வதேசம்' இருக்கும் இடத்தில் மட்டும் 'பன்னாடு' என்று மாற்றி வைக்காதீர்கள். அங்கே நாடுகளின் பெயரையே எழுத வேண்டும். 'தேர்தல் வன்முறையைச் சர்வதேசம் கண்டித்தது' என்று எழுத வரும்போது பேனாவை நிறுத்தி, கண்டித்த நாடு எது, பேசாமல் இருந்த நாடு எது, வாழ்த்து அனுப்பிய நாடு எது என்று பாருங்கள். அம்மம்மா கேட்டதும் அந்தப் பெயர்களைத்தான்.