எம்பதி: ஒத்துணர்வு

எம்பதிக்கு (empathy, அடுத்தவர் உணர்வதைத் தானும் உணர்வது) தமிழில் ஒத்துணர்வு என்று எழுதுங்கள். இரக்கம் இதற்கு ஆகாது. அது மேட்டில் நின்று பள்ளத்தில் கிடப்பவரைப் பார்ப்பது. அனுதாபம் சொல்லளவில் நெருங்கியதுதான் (தாபம் என்றால் வெப்பம்; கூடவே வெந்துபோவது). ஆனால் 'அனுதாப ஓட்டு' என்றெல்லாம் புழங்கி அதன் சூடு ஆறிவிட்டது.

ஓவியத்துக்குள், சிற்பத்துக்குள் மனம் புகுந்து உணர்வதை ஜெர்மானியர் 'ஐன்ஃபூலுங்' என்றார்கள். 1909இல் உளவியலாளர் எட்வர்ட் டிச்சனர் அதைக் கிரேக்க வேரில் வார்த்து எம்பதி ஆக்கினார்.

தமிழில் வேர் 'ஒ'. ஒத்தல், ஒப்பு, ஒப்பாரி எல்லாம் அதில் கிளைத்தவை. செட்டிநாட்டு ஊர்களில் கேதம் கேட்க (துக்கம் விசாரிக்க) போகும் வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். புதிதாக வந்து சேர்ந்தவள், என்றோ செத்துப்போன தன் ஆத்தாளையும் நினைத்து அழுவாள். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லமாட்டாள்.

செய்யறிவு (ஏஐ) இதைக் கற்குமா? அடுத்தவர் என்ன உணர்கிறார் என்று கண்டுகொள்வது ஒன்று, அதைத் தானும் உணர்வது இன்னொன்று. முதலாவதில் ஓரளவு தேறிவிட்டது. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கப் பழகுகிறது. பிறகு அதன் பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு எது மேல் என்று சொல்லச்சொல்ல, அந்தப் பக்கம் சாய்கிறது. கோளாறும் இங்கேதான். தட்டிக் கேட்கும் பதிலைவிடத் தலையாட்டும் பதில் பல நேரம் நமக்குப் பிடித்துவிடுவதால், இதமாகப் பேசக் கற்ற கையோடு ஆமாம் போடவும் கற்றுக்கொள்கிறது. படிப்பவருக்கு இரண்டும் பரிவாகவே படும். 1966இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, பெரும்பாலும் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்ட சின்னக் கணினி நிரல். அதனிடமே மனம் திறந்தார்கள்.

இரண்டாவதற்கு உடம்பு வேண்டும். அழுகை, அச்சம் முதலிய எட்டையும் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்றது, மெய்யில் படுவது. 'அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை' என்ற குறளில் 'தந்நோய்'தான், தன் துன்பம்தான், அளவுகோல். ஒப்பாரிச் சொல்லெல்லாம் செய்யறிவிடம் இருக்கலாம். நினைத்து அழ அதற்கு ஓர் ஆத்தாள் இல்லை.

ஆகவே வினைச்சொல்லில் கவனம் வேண்டும். 'வருத்தத்தைக் கண்டறிகிறது', 'பரிவாகப் பதில் தருகிறது' என்பவை சரி. 'ஒத்துணர்கிறது' என்று எழுதாதீர்கள். கேதத்துக்கு ஆறுதல் மடல் எழுத அதைப் பயன்படுத்தினால், கடைசி வரியில் 'மீண்டும் சந்திப்போம்' என்று வந்திருக்கிறதா என்று பார்த்து அடித்துவிடுங்கள்.