விசைப்பலகை லாச்சி ஏன் இறுகுகிறது?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஜூன் மாத மழை விடாமல் பெய்யும் நாட்களில், வீட்டில் செய்த கணினி மேசையின் விசைப்பலகை லாச்சி பாதி வழியில் கோணலாகிச் சிக்கிக்கொள்வது பலருக்கும் தெரிந்த தொல்லை. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது அசையாதபோது, தச்சரின் வேலை சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். குற்றம் பெரும்பாலும் லாச்சியின் வடிவத்தில் இருக்கிறது.

எழுதுவதற்கு வசதியான மேசை ஏறத்தாழ 75 செ.மீ. உயரமிருக்கும். தட்டச்சு செய்கையில் முழங்கை செங்கோணமாக மடங்கி, முன்கை கிடையாக இருக்கவேண்டும் என்பதால், 7 அல்லது 8 செ.மீ. தாழ்வில் லாச்சி பொருத்துகிறோம். விசைப்பலகையே 45 செ.மீ. நீளம், மவுஸுக்கும் இடம் விட்டால் லாச்சியின் அகலம் 70 செ.மீ. ஆகிறது. ஆழமோ 35 செ.மீ.தான்.

அகலம் கூடி ஆழம் குறைந்த இந்த வடிவமே சிக்கலின் வேர். மரச் சட்டத்தில் வழுக்கும் லாச்சியை 25 செ.மீ. வெளியே இழுத்திருக்கிறோம், 10 செ.மீ. மட்டுமே சட்டத்துக்குள் இருக்கிறது என்று கொள்வோம். வலது மூலையில் ஒரு கையை வைத்துத் தள்ளினால், லாச்சி உள்ளே போவதற்கு முன் திரும்ப முயல்கிறது. அதன் எதிரெதிர் மூலைகள் இரண்டும் பக்கச் சட்டங்களை நெரிக்கின்றன. தள்ளும் விசை கூடக் கூட நெரிப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது, அதனால் உராய்வும் கூடுகிறது. ஆகவே நடுக்கோட்டிலிருந்து ஓர் எல்லையைத் தாண்டித் தள்ளினால் எத்தனை பலமும் வீண். சட்டத்துக்குள் இருக்கும் நீளத்தை உராய்வுக் கெழுவின் (நெரிக்கும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்று காட்டும் எண்) இருமடங்கால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். மரத்தின்மேல் மரம் வழுக்குகையில் கெழு சுமார் 0.4 என்பதால், எல்லை 12.5 செ.மீ.; நம் கையோ நடுவிலிருந்து 35 செ.மீ. விலகி நிற்கிறது. இரு கைகளாலும் சமமாகத் தள்ளியதும் அது இளகிவிடுவதன் காரணம் இதுவே. லாச்சி ஓரத்தில் மெழுகுதிரி தேய்க்கும் பழைய வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்: உராய்வு பாதியானால் எல்லை இருமடங்காகிறது.

ஈரம் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக இருக்கையில் மரம் தன் உலர் எடையில் சுமார் 12 வீத நீரையும், 80 வீதமாகையில் சுமார் 16 வீத நீரையும் வைத்திருக்கும். இந்த வேறுபாட்டுக்கு, 30 செ.மீ. பலகை இழைக்குக் குறுக்கே 2 மி.மீ. அளவுக்கு உப்பக்கூடும், இழையின் நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. எனவே இழை இடவலமாக ஓடும்படி பலகையை வைத்தால், இறுகும் திசையில் லாச்சி பெருக்காது. மலையகம் முழுவதற்கும் ஒரே பருவமும் இல்லை: ஹட்டன் மழையில் நனையும் ஜூலையில் பண்டாரவளையில் வறண்ட காற்று வீசுகிறது.

எஃகுக் குண்டுகள் உருளும் தண்டவாளச் சோடியைப் பொருத்தினால், உராய்வு மிகவும் குறைந்து, எல்லை லாச்சியின் அகலத்தையே தாண்டிவிடும். சாதாரண வகைக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆனால் நெம்புகோல் விதி அப்போதும் விடுவதில்லை. மேலே சொன்ன நிலையில் விளிம்பில் 2 கிலோ எடையுடன் மணிக்கட்டு ஊன்றினால், சட்டத்தின் முன்முனையில் 7 கிலோ அழுத்தமும், பின்முனையில் 5 கிலோ மேல்நோக்கிய இழுப்பும் உண்டாகின்றன. ஆகவே தண்டவாளத்தின் திருகாணிகள் தளரக்கூடும். அவற்றை ஒட்டுப்பலகையின் விளிம்பில் இறக்காமல், கனமான மரச் சட்டத்தில் இறக்குவது நல்லது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் முன்னும் பின்னும் ஒரே அளவாக வரும்வரை, அவற்றை முழுமையாக இறுக்க வேண்டாம்.