லேக்: சுணங்குவது எது?

கணினியில் கல்யாண பேனர் ஒன்றை வடிவமைக்கும்போது மாப்பிள்ளை படத்தை மவுஸால் பிடித்து வலது ஓரத்துக்கு இழுக்கிறேன். அம்புக்குறி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, படம் இன்னும் நடுவிலேயே நிற்கிறது. கொஞ்சம் பொறுத்துத்தான் நகர ஆரம்பிக்கிறது, அதற்குள் ரொம்பத் தள்ளிவிட்டோமோ என்று கையைப் பின்னால் எடுக்கிறேன், படம் அந்தப் பேச்சையும் பிந்தித்தான் கேட்கிறது, கடைசியில் பெண்ணின் தோள்மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. திரும்ப அண்டூ, திரும்ப இழுப்பு. 10-க்கு 8 அடி பேனரில் பூ, விளக்கு, பெயர், உறவினர் படங்கள் என்று எத்தனையோ பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் இதே பாடு.

இதைத்தான் வடிவமைப்புத் தொழிலில் இருக்கிற நாங்கள் எல்லாரும் "மவுஸ் லேக்" என்கிறோம். லேக் அடிக்குது, லேக் ஆகுது. நானும் பல வருடம் அப்படியே சொன்னேன். அந்தப் பெயரை நம்பி மவுஸை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கத் தோன்றியது.

லேக் என்பது ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ள சொல். ஆரம்பத்தில் அதற்குப் பொருள் கடைசியாக வருகிற ஆள். கூட்டமாக நடக்கும்போது எல்லாருக்கும் பின்னால் தங்கி வருவாரே, அவர். பிறகு அப்படிப் பின்தங்குகிற செயலுக்கும் பின்தங்கிய இடைவெளிக்கும் அதுவே பெயராயிற்று. நார்வே வட்டார வழக்கில் மெதுவாகப் போவதைக் குறிக்கும் ஒரு சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தனியாக நடக்கிறவர் பின்தங்க முடியாது. முன்னால் ஒருவர் போனால்தான் பின்னால் ஒருவர் வர முடியும். ஆக லேக் என்று சொன்னதுமே எது முந்துகிறது, எது பிந்துகிறது என்ற இரண்டு கேள்வியும் கூடவே வருகின்றன. "மவுஸ் லேக்" என்று ஒட்டிச் சொல்லும்போது அந்த இரண்டையும் நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வேறு பக்கமும் போயிருக்கிறது. "படம் ஓகே, செகண்ட் ஹாஃப்தான் லேக்" என்கிறோம் இல்லையா, அங்கே அதற்கு அர்த்தம் தொய்வு, ஜவ்வாக இழுப்பது. யாரும் யாருக்கும் பின்தங்கவில்லை.

சரி, திரைக்கு வருவோம். அம்புக்குறியையும் படத்தையும் கணினி ஒரே வழியில் வரைவதில்லை. பெரும்பாலும் அம்புக்குறி ஒரு சின்னத் தனிப் படம், அதைத் திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டே எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டி நகர்த்திவிடும், நாம் திறந்து வைத்திருக்கிற மென்பொருள் திணறினாலும் அதற்குக் கவலை இல்லை. மாப்பிள்ளை படம் அப்படி இல்லை. அதன் நிழல், ஓர மங்கல், கண்ணாடி மாதிரி தெரியும் பூ வேலை, பின்னணி எல்லாவற்றையும் மென்பொருள் கணக்குப் போட்டு, புதிய இடத்தில் திரும்ப வரைந்து, அதற்குப் பிறகுதான் திரைக்கு அனுப்ப வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 தடவை காட்சியைப் புதுப்பிக்கிற திரையில், ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. வரைந்து முடிக்க அதற்கு மேல் ஆனால் படம் பிந்தும், அம்புக்குறி மட்டும் கையோடு ஓடும்.

சாதாரண யூஎஸ்பி மவுஸ் விநாடிக்கு 125 தடவை கணினிக்குத் தகவல் சொல்லும், அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. நான் வாங்கிய புதிய மவுஸ் விநாடிக்கு 1000 தடவை சொல்லும். ஆக மொத்தம் நான் காசு கொடுத்து மிச்சப்படுத்தியது 7 மில்லி விநாடிதான். கனமான படத்தைத் திரும்ப வரைய ஆகும் நேரம் அதைப் போலப் பல மடங்கு.

இழுக்கும்போது மட்டும் இது இவ்வளவு உறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. பொத்தானை அழுத்தி 100 மில்லி விநாடி கழித்து மெனு வந்தால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. இழுக்கும்போது அதே நேரம் தூரமாக மாறிக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. திரையில் விநாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் இழுத்தால், 100 மில்லி விநாடிக்கு 3 செ.மீ. இடைவெளி. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் பால் டீட்ஸ் தொடுதிரையில் இதைச் செய்து காட்டினார். 100 மில்லி விநாடியில் விரலுக்கு வெகு பின்னால் வந்த பொருள், 1 மில்லி விநாடிக்குக் குறைத்ததும் விரலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அதற்கு முன்பே, 1993இல் ஸ்காட் மெக்கென்சி, காலின் வேர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், 225 மில்லி விநாடி பிந்தினால் ஒரு குறியைச் சென்றடைய ஆகும் நேரம் 64 சதவீதமும் பிழைகள் 214 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். மாப்பிள்ளை பெண்ணின் தோள்மேல் உட்கார்ந்தது என் கைக்கோளாறு இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்போது லேக்குக்கு ஏற்ற தமிழ்ச் சொல். முதலில் நாக்கில் வருவது தாமதம். இது தாமஸம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது, மந்தம், சோம்பல் என்பது அதன் பழைய பொருள். ரயில் 40 நிமிடம் தாமதம் என்போம். வர வேண்டிய நேரத்துக்கு வராதது தாமதம், வந்து சேர்ந்ததும் அது முடிந்துவிடுகிறது. நம் படமோ இழுக்கிற நேரம் முழுக்கப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது, அதற்குத் தாமதம் போதாது.

இழுவை என்ற சொல் அழகாகப் பொருந்துவது போலத் தெரியும், "படம் ஒரே இழுவை" என்று சினிமாவுக்கும் சொல்கிறோமே. ஆனால் இங்கே இழுப்பது என்பது நாம் செய்கிற வேலையின் பெயர். இழுக்கும்போது இழுவையாக இருக்கிறது என்றால் கேட்பவர் குழம்புவார். பள்ளி இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று ஒரு பாடம் உண்டு, இரும்பிலுள்ள காந்தத்தன்மை வெளிப்புலத்துக்குப் பின்தங்கி வருவதைச் சொல்வது. கருத்து அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் தயங்குவது என்றால் நமக்கு மனம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, செய்யலாமா வேண்டாமா என்று நிற்பது. படத்துக்கு அந்த யோசனை எல்லாம் கிடையாது.

என் ஓட்டு சுணக்கத்துக்கு. "வடிகால் பணியில் சுணக்கம்" என்று பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிற சொல்தான். சுணங்குதல் என்றால் தளர்வது, சோர்வது, அதனால் பிந்துவது. யாழ்ப்பாணத்தில் இது அன்றாடப் பேச்சு, "சுணங்காமல் வாங்கோ" என்பார்கள். (சங்கப் பாடல்களில் வரும் சுணங்கு வேறு, அது பெண்களின் மேனியில் படரும் தேமல், வேங்கைப் பூவுக்கு ஒப்பிடுவார்கள்.) நின்றுபோகாமல், நடந்துகொண்டே தளர்ந்து பின்னால் வருவது என்ற சாயல் சுணக்கத்தில் இருக்கிறது. வினையாகவும் வளைகிறது: சுணங்குது, சுணங்கிச்சு, சுணங்காம வருது. எவ்வளவு நேரம் பிந்துகிறது என்பதை ஆங்கிலத்தில் லேட்டன்சி என்பார்கள், அந்த அளவுக்குச் சுணக்க நேரம் என்று சொல்லிவிடலாம். லேட்டன்சி மறைந்திருத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதற்காக உள்ளுறை வெப்பம் மாதிரி உள்ளுறை நேரம் என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது.

விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளி நகர்ந்தால் அது திக்கல், சுணக்கம் இல்லை. அசையவே இல்லையென்றால் உறைந்துவிட்டது, நம் ஊரில் "ஸ்ட்ரக் ஆயிடுச்சு" என்போம். மூன்றையும் லேக் என்ற ஒரே பையில் போடக் கூடாது.

சுணங்குது என்று வினையாகச் சொன்னால் எது என்று உடனே கேட்கத் தோன்றும், எனக்குப் பிடித்தது அதுதான். அம்பு சுணங்குதா, படம் சுணங்குதா? அம்பே சுணங்கினால் கோளாறு மவுஸ் பக்கமோ கணினி பக்கமோ இருக்கலாம். வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கலந்து அப்படி ஆகும், ரிசீவரை முன்பக்கத்துக்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். அம்பு ஒழுங்காக ஓடிப் படம் மட்டும் சுணங்கினால் மவுஸைத் தொடவே வேண்டாம். நான் வேலையை வெறும் கோட்டு வடிவக் காட்சிக்கு மாற்றிப் பார்த்தேன். நிழலும் நிறமும் போய்க் கோடுகள் மட்டும் நின்றன, மாப்பிள்ளை இருந்த சட்டம் கையோடு ஒட்டியபடி வந்து ஓரத்தில் நின்றது. அன்றைக்குச் சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டு, "மவுஸ் நல்லா இருக்குப்பா, படம்தான் சுணங்குது" என்றேன். "அப்ப கிராபிக்ஸ் கார்டைப் பாக்கணும்ணே" என்றான், வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.