மெடிக்கெய்ட்: தகுதி இருந்தும் ஏன் பறிபோகிறது?

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். 1965-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் மெடி-கேல், டென்னசியில் டென்கேர் என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். பின்னணி இவ்வளவு போதும்.

கொரோனா காலத்தில் யாரையும் நீக்காமல் வைத்திருந்த சலுகை முடிந்ததும் 2023, 2024-இல் எல்லோருடைய கணக்கையும் மறுபடி சரிபார்த்தார்கள். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் தகுதி இல்லை என்று முடிவாகி நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் வந்து சேரவில்லை, ஒரு தாள் குறைந்தது என்பதற்காகப் போனவர்கள்.

வீடு மாறினால் தபால் நிலையத்தில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மெடிக்கெய்ட் அலுவலகத்தில் தனியாக முகவரி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுப்பித்தல் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், கெடு முடிந்துவிடும், இன்சுலின் வாங்க மருந்துக் கடைக்குப் போன இடத்தில்தான் காப்பீடு இல்லை என்றே தெரியவரும். அப்படித் தெரிந்துகொண்டவர்கள் பலரோடு உட்கார்ந்து படிவம் நிரப்பியிருக்கிறேன். பெரும்பாலோருக்கு வருமானம் ஒரு டாலர்கூட ஏறியிருக்கவில்லை.

அலுவலகத்தில் “புதிதாக விண்ணப்பியுங்கள்” என்பார்கள். படிவம் தராததால் நீக்கப்பட்டிருந்தால், 90 நாளுக்குள் அந்தப் புதுப்பித்தல் படிவத்தையே கொடுக்கலாம், புது விண்ணப்பம் தேவையில்லை. இது மத்திய அரசின் விதி. கவுண்டரில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருக்கும். படிவத்தைக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஃபேக்ஸ் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்கான தாளை வைத்திருங்கள். “எங்களுக்கு எதுவும் வரவில்லை” என்ற பதில் அவ்வளவு சகஜம்.

வாரச் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சில மாதங்களில் ஐந்து சம்பளம் வரும். அந்த மாதச் சம்பளச் சீட்டுகளை அப்படியே கொடுத்தால் வருமான வரம்பைத் தாண்டியதாகத் தெரியும். வழக்கமான மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுதி, மற்ற மாதச் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம் குழந்தைகள். அப்பா அம்மாவுக்குக் காப்பீடு போனதும் பிள்ளைகளுக்கும் போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெரியவர்களுடையதைவிட மிக அதிகம். தனியாகக் கேளுங்கள்.

நீக்கல் கடிதத்தில் அது அமலாகும் தேதி இருக்கும். அதற்கு முன்பே மேல்முறையீடு செய்து, முடிவு வரும்வரை காப்பீடு தொடர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தோற்றால் இடைப்பட்ட செலவை மாநிலம் திருப்பிக் கேட்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

2025-இல் வந்த சட்டப்படி, விரிவாக்கத்தில் (வருமானம் குறைந்த மற்றப் பெரியவர்களுக்கும் பல மாநிலங்கள் மெடிக்கெய்டைத் திறந்துவிட்டது) சேர்ந்த 19 முதல் 64 வயதுக்காரர்கள் 2027 தொடக்கத்துக்குள் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது தொண்டு செய்ததைக் காட்ட வேண்டியிருக்கும். சரிபார்ப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. ஆர்கன்சா மாநிலத்தில் 2018-இல் இதே போன்ற நிபந்தனை வந்தபோது வேலை நேரக் கணக்கை இணையத்தில்தான் பதிய வேண்டும் என்றார்கள். அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடிவிடும். நீதிமன்றம் 2019-இல் நிறுத்துவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு.

அதனால் சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். 13 வயது வரை உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும், கடும் நோயுள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நோயாளிகள் அடுத்த முறை போகும்போதே மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.