கணினிக்குச் சுருதி சேர்க்கக் கூப்பிட்டார்கள்

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. "அண்ணே, பியானோ கெட்டுப்போச்சு. வந்து டியூன் பண்ணிக் கொடுங்க. மகளுக்கு கிரேடு பரீட்சை வருது." எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் பியானோ வைத்திருக்கும் தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் நான் போய்வரும் வீடுகள். இது புது எண். யாரோ பழைய பியானோ ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சுருதிச் சாவி, ரப்பர் ஆப்பு, இசைக்கவை எல்லாவற்றையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு, செம்பனை லோரிகளுக்குப் பின்னால் புகை குடித்தபடி அந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, போய்ச் சேர்ந்தேன்.

வீட்டில் பியானோ இல்லை. சாமி படத்துக்குக் கீழே ஒரு மேசை, அதில் 88 கட்டை உள்ள கீபோர்டு, பக்கத்தில் மடிக்கணினி. "இதுக்குள்ள பெரிய கிராண்ட் பியானோ இருக்கு அங்கிள்" என்றான் மகன். அம்மாவின் புகார் இரண்டு. சில கட்டைகளை அழுத்தினால் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் வாசித்தால் மொத்தமும் ஊமையாகிவிடுகிறது. "உள்ள பூச்சி அரிச்சிருக்குமா அண்ணே?"

பூச்சி இல்லை. பையன் இறக்கியிருந்தது காசு கட்டாத சோதனைப் பதிப்பு. 20 நிமிடம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். சில கட்டைகளை வேண்டுமென்றே ஊமையாக்கி வைத்திருப்பார்கள். இறக்கும்போதே எழுதிப் போட்டிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? மூடித் திறந்தால் மறுபடி ஓடும் என்று காட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை மெல்ல வாயைத் திறந்தாள். "அது பரவால்ல அங்கிள். ஆனா இது பொய்யா இருக்கு. டீச்சர்கிட்ட வாசிச்சா, ஏன் இப்படி இடிக்கிறேன்னு திட்டுறாங்க."

பொய்யா இருக்கு. இந்தச் சொல்லை இப்போது பல வீடுகளில் கேட்கிறேன். மரப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பிழைப்பவன் நான். மென்பொருள் பியானோ பொய் என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குத்தான் லாபம். ஆனால் அது உண்மையில்லை, குறைந்தபட்சம் முழு உண்மையில்லை. அந்த வீட்டில் பொய் இருந்த இடமே வேறு.

இந்த வகை மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். டிஜிட்டல் பியானோக்களில் பெரும்பாலானவை பதிவை ஒலிக்கவிடுபவை. நல்ல கிராண்ட் (கம்பிகள் கிடையாகப் படுத்திருக்கும் பெரிய பியானோ) ஒன்றின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று சில அளவுகளில் தட்டிப் பதிந்து வைத்திருப்பார்கள். நீங்கள் அழுத்தும் பலத்துக்கு ஏற்ற பதிவு ஒலிக்கும். கணினிக்கென வரும் பெரிய பதிவுத் தொகுப்புகள் பல ஜிகாபைட் இடம் பிடிக்கும். அந்தப் பையன் இறக்கியது வேறு வகை, மாடல் பியானோ. அதில் பதிவே கிடையாது. கம்பியின் நீளம், கனம், விறைப்பு, சுத்தியலில் ஒட்டிய கம்பளியின் கடினம், ஒலிப்பலகை எப்படி அதிரும் என்பதெல்லாம் கணக்காக உள்ளே இருக்கும். கட்டையை அழுத்திய அந்த நொடியில் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அதனால்தான் மொத்த மென்பொருளும் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் பலருக்கும் தெரிந்த பெயர் பியானோடெக். பிரான்ஸின் துலூஸ் நகரத்து மோடார்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அதை உருவாக்கிய பிலிப் கியோம் கணிதப் பேராசிரியர். அதற்கு முன் என்னவாக இருந்தார் தெரியுமா? பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2009இல் ரோலண்ட் நிறுவனம் வி-பியானோ என்று இதே வழியில் தனிக் கருவி ஒன்றையும் கொண்டுவந்தது.

பியானோடெக் ஒரு சுருதி சேர்ப்பவர் செய்தது என்பது அதன் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். பியானோவின் நடுப்பகுதியிலிருந்து மேலே ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. மூன்றையும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக வைத்தால் ஒலி கொஞ்சம் சீக்கிரமே அடங்கிவிடும். மயிரிழை அளவு விலக்கி வைத்தால், முதல் அதிர்வு விழுந்த பிறகும் ஒரு மெல்லிய ஒலி நீண்டு பாடிக்கொண்டே இருக்கும். கப்ரியேல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் இதன் காரணத்தை 1977இல் விளக்கி எழுதினார். மூன்று கம்பியும் தங்களைத் தாங்கும் ஒரே மரப்பாலத்தின் மேல் கிடப்பதால், ஒன்றின் அதிர்வு மற்றதைத் தொட்டு இழுக்கிறது. என்னைப் போன்றவர்கள் காரணம் தெரியாமலே காதால் செய்துவந்த வேலை இது. மாடல் பியானோவில் அந்த விலகலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளு (ஸ்லைடர்) இருக்கிறது. முதல்முறை அதை நகர்த்திக் கேட்டபோது, என் கையில் இருந்த வேலையை யாரோ எடுத்து மேசையில் வைத்தது போல இருந்தது.

சரி, இவ்வளவு இருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஏன் பொய்யாகப் பட்டது?

முதல் காரணம் தாமதம். கணினி ஒலியைச் சின்னத் துணுக்குகளாக்கி, ஒரு தொகுதி சேர்ந்த பிறகே வெளியே அனுப்பும். அவர்கள் கணினியில் அந்த ஒலித் தொகுதியின் (பஃபர்) அளவு 1024 என்று இருந்தது. நொடிக்கு 44,100 துணுக்கு என்ற கணக்கில் பார்த்தால், அழுத்தியதற்கும் சத்தத்துக்கும் நடுவே அதனால் மட்டும் 23 மில்லி விநாடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் 8 மீட்டர் போகும். பியானோவை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். காது அதைத் தாமதம் என்று சொல்லாது. "என்னமோ ஒட்டலை" என்றுதான் சொல்லும். விண்டோஸ் கணினி என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவர் போட்டு, அளவை 128க்கு இறக்குங்கள். 3 மில்லி விநாடிக்கும் குறைவு, ஒரு மீட்டர் தூரம். ஒலி கரகரத்தால் 256. புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதில் தாமதம் சாதாரணமாகவே 100 மில்லி விநாடியைத் தாண்டும். இன்னொரு வீட்டில் ஒரு பையன் அதை வைத்துத்தான் மூன்று மாதம் பயிற்சி செய்திருந்தான். அவனுக்குத் தாளம் வராது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

இரண்டாவதுதான் பெரிய காரணம், டீச்சரின் திட்டுக்கும் இதுவே வேர். கீபோர்டு கணினிக்கு அனுப்புவது சத்தத்தை அல்ல, ஒரு எண்ணை. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி (MIDI) முறையில் அடியின் வேகம் 1 முதல் 127 வரை. அவளை மிக மென்மையாக, அப்புறம் சாதாரணமாக, அப்புறம் முழு பலத்தோடு வாசிக்கச் சொல்லித் திரையில் எண்ணைப் பார்த்தேன். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 100ஐ எட்ட மறுத்தது. அதாவது அந்தக் கிராண்ட் தன் உச்சக் குரலை அந்த வீட்டில் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. மென்பொருள் தப்பா? இல்லை. கீபோர்டு தப்பா? அதுவும் இல்லை. இரண்டையும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான். அமைப்பில் வேக வளைவு என்று ஒரு கோடு இருக்கும். அதை வளைத்து, அவள் கையின் பலத்துக்கு 127 வரும்படி செய்தேன். பத்து நிமிட வேலை. கணினி முழுவதிலும் இதைவிட முக்கியமான அமைப்பு இல்லை என்பேன். ஆனால் தொட்டுப் பார்த்தவர்களை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஒலியளவு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அம்மா சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்திருந்தார். மரப் பியானோவில் அப்படி ஒரு திருகு கிடையாது. விரல்தான் திருகு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் பிள்ளை காதுக்குப் போதவில்லை என்று விரலால் இடிக்க ஆரம்பிக்கும். ஆறு மாதத்தில் அது பழக்கமாகிவிடும். அப்புறம் டீச்சர் வீட்டு நிஜப் பியானோவில் அதே கை விழும். இரவில் வாசிக்கக் கம்பியுள்ள ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். நிஜத்தில் எவ்வளவு கேட்குமோ அந்த அளவில் ஒருமுறை வைத்துவிட்டு, திருகில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

பெடல் அவர்களிடம் இருந்தது, பத்து விரல் அகலச் சதுரப் பெட்டி. அழுத்தினால் ஆன், விட்டால் ஆஃப். மாடல் பியானோவின் அழகில் பாதி பெடலில் இருக்கிறது. கம்பியை அடக்கி வைக்கும் டேம்பர் மேலே போனதும், நீங்கள் தொடாத கம்பிகளும் சேர்ந்து முனகும் அந்த ஒலியைத்தான் இவர்கள் கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாதி அழுத்தினால் பாதி அடங்க வேண்டும். அதற்கு இடைநிலைகளையும் அனுப்பும் பெடல் வேண்டும், உங்கள் கீபோர்டும் அதை ஏற்க வேண்டும். வாங்கும்போது கடைக்காரரிடம் "அரைப் பெடல் வருமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவும் சரிசெய்து முடிக்க மதியமாகிவிட்டது. நடுவில் இடி இடிக்கவே எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கச் சொன்னேன். நம்ம ஊர் மின்னலுக்குக் கிராண்ட், கீபோர்டு என்ற பேதமெல்லாம் தெரியாது, ஆனால் சாகப்போவது கீபோர்டுதான். மழை விட்டதும் அவள் உட்கார்ந்து வாசித்தாள். இடிக்கவில்லை. முகத்தில் நம்பிக்கை வந்தது. ஆனாலும் ஏதோ ஒரு குறை.

"என்னம்மா?"

"நல்லா இருக்கு அங்கிள். ரொம்ப சுத்தமா இருக்கு. பியானோ மாதிரி இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசனை வந்தது. அவளுக்குத் தெரிந்த பியானோ எது? டீச்சர் வீட்டிலும் பள்ளித் தோழியின் சர்ச்சிலும் உள்ள கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பழைய நிமிர்ந்த பியானோக்கள். கிராண்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. கிராண்ட் என்று அவள் கேட்டதெல்லாம் யூடியூப்பில், மைக் வழியாக. நம் ஊரில் இது நிஜ கிராண்ட் போல இருக்கிறதா என்று கேட்கும் பலரின் நிலைமையும் இதுதான். ஒப்பிட எடுத்துக்கொண்ட பொருளையே யாரும் தொட்டதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821இல் காப்புரிமை பெறப்பட்ட இயங்குமுறையால், கிராண்டில் கட்டை முழுக்க மேலே வருமுன்பே அதே சுரத்தை மறுபடி தட்டலாம். நிமிர்ந்த பியானோவில் பொதுவாக அது கிடையாது. நல்ல கீபோர்டில் ஓடும் மாடல் கிராண்ட் இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்ப் பழைய பியானோக்களைவிட உண்மையான கிராண்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஈரத்தில் கட்டைகள் வீங்கி ஒன்றோடொன்று உரசும் பியானோவில் பழகியவர்களுக்கு அதுவே அந்நியமாகப் படும்.

அதற்காக எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேல் சுரங்களில் இந்த வகை மென்பொருளுக்கு இன்னும் ஒரு கண்ணாடிச் சாயல் உண்டு. சுத்தியல் கம்பியில் படும் முதல் நொடியில் மரம் மரத்தோடு மோதும் ஒரு மொத்தொலி வரும், அது இங்கே கொஞ்சம் மெலிவு. பழைய பதிப்புகளோடு பார்த்தால் நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் என் காதுக்குத் தெரிகிறது. எந்த மென்பொருளாலும் தர முடியாதது அதிர்வு. பெரிய கச்சேரி கிராண்ட் 274 செண்டிமீட்டர் நீளம், சுமார் 480 கிலோ எடை. கீழ்ச் சுரம் ஒன்றைத் தட்டினால் கட்டை வழியே விரலுக்கும், நாற்காலி வழியே முதுகுக்கும் வரும். இரண்டு சின்ன ஸ்பீக்கர் அதற்கு என்ன செய்யும்? கட்டையின் நீளமும் அப்படித்தான். கிராண்டில் கண்ணுக்குத் தெரியாமல் கட்டை உள்ளே வெகுதூரம் போகிறது. மலிவான கீபோர்டில் குட்டை. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரல் நுழைத்து அழுத்தினால் கல்லாக இருக்கும்.

அதனால் காசு செலவழிக்கப் போகிறவர்கள் கீபோர்டில் அதிகம் போடுங்கள். கட்டையின் அசைவைக் கவனிக்கும் மூன்று சென்சார் உள்ளதாகவும், உள்பக்கம் அழுத்தினாலும் இறங்குவதாகவும் பாருங்கள். அடுத்து பெடல், ஹெட்போன். மென்பொருள் கடைசி. சோதனைப் பதிப்பிலேயே ஒரு மாதம் ஓட்டலாம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பது பிள்ளைக்கு ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முன் மரப் பியானோவில் சில மணி நேரமாவது வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஈப்போ அரை மணி நேரப் பயணம்தான். அங்கே கடைகளில் கிராண்டைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள், வாங்குகிற முகத்தோடு போனால்.

அன்று கிளம்பும் நேரத்தில் பையன் ஏதோ தோண்டிக்கொண்டிருந்தான். பியானோவின் நிலை என்று ஒரு தள்ளு. இடது ஓரத்தில் புத்தம் புதிது, வலது ஓரத்தில் பராமரிப்பில்லாமல் கிடந்த பழசு. அதைக் கால்வாசி வலப்பக்கம் நகர்த்தினான். சுருதி லேசாகக் கலைந்தது, ஒன்றிரண்டு சுரம் கரகரத்தது. தங்கை ஒரு வரி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் அங்கிள். இப்பத்தான் சர்ச் பியானோ மாதிரி இருக்கு."

அந்தச் சர்ச் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன் நான்தான். கடைசியாகப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேராகச் சர்ச்சுக்கு மோட்டாரைத் திருப்பினேன்.