8 ஜிபி ரேமில் 2 ஜிபி எங்கே போகிறது?

8 ஜிபி ரேம் என்று சொல்லி வாங்கிய லேப்டாப்பில் சிஸ்டம் விவரத்தைத் திறந்தால், 5.9 ஜிபிதான் பயன்படுத்த முடியும் என்று போட்டிருக்கும். ஏஎம்டியின் ரைசன் புராசஸர் உள்ள லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கு இது நடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பதறவேண்டாம். ரேம் முழுசாகத்தான் இருக்கிறது. மீதி 2 ஜிபியை கிராபிக்ஸ் பகுதி பிடித்து வைத்திருக்கிறது.

தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே நினைவகச் சில்லுகள் இருக்கும். விலை குறைந்த லேப்டாப்பிலோ கிராபிக்ஸ் பகுதி புராசஸருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சொந்த நினைவகம் கிடையாது, அதனால் ரேமில் பங்கு எடுத்துக்கொள்கிறது. 1999இல் வந்த இன்டெல் 810 சிப்செட்டும் இப்படித்தான் ரேமில் பங்கு எடுத்தது.

பங்கு எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. கணினி எழும்போதே, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் ஒரு பகுதியை ஒதுக்கிவிடும். அது காலியாகக் கிடந்தாலும் விண்டோஸ் தொட முடியாது. வராத விருந்தாளிக்காக ஓர் அறையைப் பூட்டி வைத்தது போல. இன்னொன்று, தேவைப்படும்போது கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் பகுதி) என்று தெரிவது இந்த இரண்டாவது வகையின் உச்ச வரம்பு, விண்டோஸுக்குத் தெரியும் ரேமில் ஏறக்குறைய பாதி. அவ்வளவும் பறிபோய்விட்டதாக அர்த்தம் இல்லை.

சரி, திரைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். ஒரு முழுத் திரைக்கு 8.3 எம்பி போதும். பிரவுசரும் வீடியோவும் இன்னும் கொஞ்சம் கேட்கும். கேம்கள்தான் ஜிபி கணக்கில் கேட்கும்.

ஒதுக்கீட்டைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பெரும்பாலும் வேகம் கூடுவதில்லை. ஒதுக்கிய இடமும் கேட்டு வாங்கிய இடமும் அதே ரேம் சில்லுகள், அதே பாதை. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போகும். இரண்டு போட்டால் 51.2. புராசஸரும் கிராபிக்ஸும் இதைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. கேம் வேகமாக ஓட வேண்டுமானால் காலி ஸ்லாட்டில் இன்னொரு ரேம் போடுவதுதான் வழி.

ரேம் குறைவான லேப்டாப்பில் ஒதுக்கீட்டைக் கூட்டினால் நஷ்டமே வரலாம். விண்டோஸுக்கு இடம் போதாமல் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். எல்லாமே திக்கித் திக்கி ஓடும். என் அக்கா மகளின் லேப்டாப் இப்படித்தான் தவித்தது. 2 ஜிபியை 512 எம்பி ஆக்கிய பிறகு, எக்செலும் ஆன்லைன் வகுப்பும் ஒன்றாக ஓடின. தனி நினைவகம் இவ்வளவு இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் சில கேம்களுக்கு மட்டும் கூட்டிப் பார்க்கலாம்.

மாற்ற வேண்டிய இடம் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் விசை. ஏஎம்டியில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்', இன்டெலில் 'டிவிஎம்டி ப்ரீ-அலொகேட்டட்' என்று தேடுங்கள். பல லேப்டாப்களில் இது மறைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் விட்டுவிடுங்கள், யாரோ திருத்திய பயாஸை ஏற்றப்போய் லேப்டாப்பே எழாமல் போகலாம். இன்டெலுக்குச் சொல்லப்படும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) வித்தை, கேமுக்குக் காட்டும் எண்ணை மட்டுமே மாற்றும்.

மாற்றி முடித்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.